கீழத்தெருவுக்குப் போகாத மாடு

சார், ஒரு மனு எழுதணும். மாட்டு விசயமா.

காணாமப் போன மாடு இல்ல. மாடு இருக்கு. எங்க இருக்குன்னும் தெரியும். இந்நேரம் நெழல்ல படுத்து அசை போட்டுக்கிட்டு இருக்கும். வீட்டுக்கு வரமாட்டேங்குது, அதான் வழக்கு. கலெக்டர் ஐயா ஒரு உத்தரவு போட்டு அதை வரச் சொல்லணும்.

ஆமா சார், மாட்டைத்தான். சிரிக்காதீங்க. ஒங்களுக்கு முன்னாடி இதே மரத்தடியில ரெண்டு பேருகிட்டப் போய் உக்காந்தேன். ஒருத்தர் பேனாவ மூடி வச்சிட்டாரு. இன்னொருத்தர் போலீஸ் ஸ்டேசனுக்குப் போகச் சொல்லிட்டாரு. அங்க நான் ஏற்கெனவே போயிட்டுத்தான் வந்தேன். திருடு போச்சான்னு கேக்குறாக. இல்ல, அதுவா நடந்து போச்சுன்னேன். அப்ப மாட்டு மேலயே கேஸ் குடுக்குறியாங்குறாக. இது என்ன பேச்சு?

எழுதுங்க. பேரு தவசிலிங்கம். தகப்பனார் குருவலிங்கம். ஊசிக்குளம், மேலத்தெரு. மேலத்தெருங்கிறதக் கண்டிப்பாப் போடுங்க சார். கதவு நம்பர் விட்டுப் போனாக் கூடப் பரவாயில்ல.

மாட்டுப் பேரு சீதேவி. செவலப் பசு, நெத்தியில வெள்ளைச் சுட்டி. இதை எழுதிக்கிடுங்க, அடையாளத்துக்கு வேணும். அது சாதாரண மாடு இல்ல. எங்க ஊரு சிவன் கோயில்ல பிரதோசத்துக்கு மொதப்பாலு எங்க வீட்டுப் பாலு. எங்க தாத்தா காலத்துல இருந்து. சாமிக்கு ஊத்துறதுக்கு முந்தி பூசாரி சத்தமாச் சொல்லுவாரு, ‘மொதப்பால் உபயம், குருவலிங்கம் மகன் தவசிலிங்கம்’னு. கோயில் பூரா அந்தப் பேரு கேக்கும். மாசத்துக்கு ரெண்டு தடவ. எனக்கு வேற பெருமை ஒண்ணும் கெடையாது சார். பஞ்சாயத்து எலெக்சன்ல நின்னேன், எங்க வீட்டு ஓட்டே முழுசா விழல. அந்தப் பேரு சொல்றது ஒண்ணுதான். இன்னைக்குச் சாயங்காலம் பிரதோசம். அதான் பதறிக்கிட்டு வந்திருக்கேன்.

மூணு வருசமா எங்க பக்கம் மழை இல்ல. வைக்கல் கெடையாது, சோளத்தட்டை கெடையாது. சீதேவி செவுத்துல ஒட்டின போஸ்டரத் திங்க ஆரம்பிச்சிருச்சு. பசையோட ருசி. ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல செத்தவரு மூஞ்சிய விட்டுட்டு, அஞ்சலி செலுத்துற ஆளுக மூஞ்சியெல்லாம் தின்னுருச்சு. அதுல நானும் ஒருத்தன். அதை எழுத வேண்டாம்.

அப்பத்தான் டவுன் சாக்கடைத் தண்ணியச் சுத்தம் பண்ற பிளான்ட்ட எங்க ஊரு எல்லையில கட்டி முடிச்சாங்க. தில்ஷாத்துன்னு ஒரு இஞ்சினியர் பொண்ணு வந்து சமுதாயக் கூடத்துல கூட்டம் போட்டுச்சு. நல்ல பொண்ணு, மரியாதையாப் பேசுச்சு. சுத்தம் பண்ணின தண்ணிய ஓசியாக் குடுக்குறோம், கீரை தக்காளின்னு பச்சையாத் திங்கிறது எதுவும் போடாதீங்க, மாட்டுப் புல்லு மட்டும் போடுங்க, அறுக்கிறதுக்குப் பத்து நாளைக்கு முந்தி தண்ணிய நிப்பாட்டுங்க, அறுத்த புல்லை வெயில்ல வாட்டிப் போடுங்கன்னு எல்லாம் வெவரமாச் சொல்லுச்சு. நடுறதுக்குப் புல்லுக் கரணையும் அவங்களே குடுப்பாங்களாம்.

மத்தவங்க எல்லாம் தண்ணி எம்புட்டு வரும், எத்தனை மணிக்கு வரும்னு கேட்டாக. நான் ஒருத்தன்தான் சார் வெவரமாக் கேட்டேன். “இது யாரு தண்ணிம்மா?”

“டவுன் தண்ணிங்க ஐயா.”

“டவுன்னா யாரு?”

அந்தப் பொண்ணுக்குப் புரியல. “முப்பத்தாறு வார்டும்தான் ஐயா. எல்லாம் ஒண்ணாக் கலந்து வந்து, சுத்தமாகித்தான் வெளிய வரும்”னுச்சு.

“கலக்குறதுக்கு முந்தியே பிரிச்சு வைக்க முடியாதா?”

“எதைப் பிரிக்கணும் ஐயா?”

“ஆளை.”

எங்க தெரு ஆளுக என்னையப் பெருமையாப் பாத்தாக. அந்தப் பொண்ணு நோட்டப் பொரட்டிப் பொரட்டிப் பாத்துச்சு.

தப்பா நெனைக்காதீங்க சார். நான் அதெல்லாம் பாக்குற ஆள் இல்ல. டவுனுக்கு வந்தா எந்தக் கடையிலயும் டீ குடிப்பேன். யாரு போட்டதுன்னு கேக்க மாட்டேன். கேக்காத வரைக்கும் தெரியாதுல்ல? ஆனா மாட்டு விசயம் வேற. அந்தப் பாலு சாமி தலையில விழுது. சாமிக்கு நான் பதில் சொல்லணுமா வேண்டாமா? இதை எழுதிக்கிடுங்க. ‘நான் அதெல்லாம் பாக்குற ஆள் இல்ல’ங்கிறத மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க.

பைப்பு பிளான்ட்டுல இருந்து நேரா எங்க வெள்ளாமைக் காட்டுக்குத்தான் வருது. மொத வால்வு என்னுது. அடுத்து எங்க தெரு ஆளுக பதினோரு பேரு காடு. கட்டக்கடைசியில பைப்பு முடியிற எடத்துல கீழத்தெரு பூங்கனிக்கு அரை ஏக்கர். கொத்து வேலைக்குப் போற பொம்பள, ரெண்டு வெள்ளாடும் ஒரு கெடேரியும் வச்சிருந்துச்சு. தவசிலிங்கம் தெறந்தா நாங்களும் தெறக்கிறோம்னு பதினோரு பேரும் நின்னாக. நான் தெறக்கல. ஒருத்தரும் தெறக்கல. பன்னெண்டு பேரு தண்ணியும் சேந்து பூங்கனி காட்டுல போய் விழுந்துச்சு. மூணு மாசத்துல அந்தப் புல்லு ஆள் ஒசரம் நின்னுச்சு சார். உள்ள ஆளு போனா வெளிய தெரியாது.

நான் சும்மா இருந்தேனா? இல்ல. யோசிச்சேன். டவுன்ல எங்க மச்சினன் இருக்காரு, சொந்தமா மாடி வீடு. எங்க ஆளு, சுத்தமான குடும்பம். அவுக வீட்டுத் தண்ணிய மட்டும் தனியாக் கொண்டாந்தா என்ன? டிவிஎஸ் வண்டியில ரெண்டு பக்கமும் ரெண்டு கேன் கட்டிக்கிட்டுத் தெனமும் காலையில கெளம்பிருவேன். அவுக குளிக்கிற தண்ணி, துணி தொவைக்கிற தண்ணி வெளிய வர்ற குழாயில கேன வச்சுப் புடிக்கிறது.

மொத வாரம் காப்பி குடுத்து உபசரிச்சாக. ரெண்டாவது வாரம் மச்சினன் பொண்டாட்டி சன்னல் வழியாவே, “அண்ணே, இன்னைக்கு யாரும் குளிக்கல, போயிட்டு வாங்க”ன்னுச்சு. நான் திண்டுல உக்காந்து, “பரவால்லம்மா, குளிக்கிற வரைக்கும் இருக்கேன்”னேன். தெருவுல போற வாறவுக பாக்குறாக. மச்சினன் ஆபீசுக்குப் போறதுக்கு முந்தி என்னையக் கும்புட்டாரு சார். அவரு எனக்கு மூத்தவரு. எதுக்குக் கும்புட்டாருன்னு தெரியல.

ஒரு நாள் வீட்டுல எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிட்டாக. பூட்டிக் கெடக்கு. ஆனா குழாயில தண்ணி வருது! கொழகொழன்னு நொரையோட வருது. அண்ணாந்து பாத்தா மாடியில வேற யாரோ துணி காயப்போடுறாங்க. வாடகைக்கு விட்டிருக்காரு, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. மறுநாள் போயி, “மேல குடியிருக்கிறது யாரு மச்சான்?”னு கேட்டேன். அவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. நானும் அதுக்கு மேல கேக்கல. கேக்காத வரைக்கும் தெரியாதுல்ல? அந்தக் குழாய்ல காத வச்சு, மேல இருந்து வர்ற சத்தம் எது, கீழ இருந்து வர்ற சத்தம் எதுன்னு பழகிக்கிட்டேன். மேல இருந்து வந்தா கேன எடுத்துருவேன். இது லேசான வேலை இல்ல சார். ரெண்டு தண்ணியும் ஒரே மாதிரிதான் சத்தம் போடுது.

அந்தத் தண்ணியில ஒன்பது தூரு புல்லு வச்சேன். ஏழு தூரு கருகிப்போச்சு.

தில்ஷாத் பொண்ணு வந்து பாத்துட்டு, “ஐயா, இது சுத்தம் பண்ணாத தண்ணி. சோப்பும் உப்பும் புல்ல எரிச்சிருச்சு. பைப்புல வர்றது இதை விடச் சுத்தம்”னுச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சு. “எங்க ஆளுக தண்ணியவிட ஊருத் தண்ணி சுத்தமா”ன்னு கேட்டுட்டேன். அது அந்த ஏழு தூரையும் போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.

ஆனா கேளுங்க. மிச்சம் ரெண்டு தூரு பொழச்சுச்சு. அந்த ரெண்டு தூரத் தின்னே சீதேவி தேறிருச்சு! போஸ்டர் தின்னுக்கிட்டுக் கெடந்த மாடு, எலும்பு மறைஞ்சு மினுமினுன்னு ஆயிருச்சு. நான் கேனைக் கட்டிக்கிட்டுப் போனா மத்தியானம் தாண்டித்தான் திரும்புவேன். வந்து பாத்தா வயிறு பொடைச்சு நிக்கும். “என்னத்தடி போட்ட?”ன்னு எங்க வீட்ல மாரிக்கனிகிட்டக் கேப்பேன். “ஒங்க புல்லுதான்”ம்பா. சேலையெல்லாம் புல்லு ஒட்டியிருக்கும், பாவம், அந்த ரெண்டு தூருக்கு அம்புட்டுப் பாடுபட்டிருக்கா. பாலு ரெண்டு மடங்கு. ஆறு பிரதோசம் தொடர்ந்து மொதப்பால் குடுத்தேன். பூசாரியே, “பாலு திக்கா இருக்கே, என்ன தீவனம்?”னு கேட்டாரு. “எங்க ஆளுக தண்ணி”ன்னேன். எங்க தெருவுல நாலு பேரு அவுகவுக சொந்தக்காரவுகளத் தேடி டவுனுக்குக் கேனோட கெளம்பிட்டாக.

எல்லாம் போன வாரம் எனக்குக் காச்ச வர்ற வரைக்கும்தான். அன்னைக்கு டவுனுக்குப் போகல, வீட்டுல படுத்திருந்தேன். மாரிக்கனி எனக்குக் கஞ்சி வச்சுக்கிட்டு இருந்தா. பத்து மணி இருக்கும், சீதேவி கத்த ஆரம்பிச்சிருச்சு. கத்துது, வாசலப் பாக்குது, கத்துது. கடைசியில கயித்த அத்துக்கிட்டுக் கெளம்பிருச்சு.

நானும் போர்வையப் போத்திக்கிட்டே பின்னாடி போனேன். ஒரு முக்குலயும் யோசிக்கல சார் அது. கோயிலத் தாண்டி வலது பக்கம், அடிபம்பத் தாண்டி எடது பக்கம், நேரா கீழத்தெரு. அங்க வாசலுக்கு வாசல் ஆளுக, “என்ன சீதேவி, இன்னைக்கு லேட்டு?”ங்குறாக. ஒரு பொம்பள, “என்னடி தனியா வர்ற, அக்கா வரலையா?”ன்னு கேக்குது. எந்த அக்காவச் சொல்லுச்சுன்னு எனக்கு வெளங்கல. அந்த மாட்டுக்கு வழி எப்படித் தெரிஞ்சதுன்னு இன்னைய வரைக்கும் மர்மமா இருக்கு. மாரிக்கனிகிட்டயும் கேட்டேன். அவளுக்கும் தெரியலையாம்.

பூங்கனி வீட்டுத் தொழுவத்துல போயி, தன் எடம் மாதிரி நின்னுருச்சு. முன்னாடி வாட்டின புல்லு ரெடியா இருக்கு. பூங்கனி கைய ஒதறிக்கிட்டு வந்துச்சு. “வாங்கண்ணே. காச்சலோட ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க, தண்ணி தரவா?”ன்னுச்சு. நாக்கு ஒட்டிக்கிச்சு சார், ஆனா நான் வெயில்லயே நின்னேன்.

“எம் மாட்ட விடு”ன்னேன்.

“நான் புடிச்சு வைக்கலையேண்ணே. கயிறு கூடக் கட்டல. கூட்டிட்டுப் போங்க.”

இழுத்தேன். வரல. தள்ளினேன். படுத்துருச்சு. எங்க தெரு ஆளுக இருவது பேரு ஓடியாந்தாக, அடிபம்பு வரைக்கும். அதுக்கு மேல வரமாட்டாக. அங்கனயே நின்னுக்கிட்டு, “வாலைப் புடிச்சு முறுக்கு”, “காதுல தண்ணி ஊத்து”ன்னு யோசனை சொல்றாக. கீழத்தெரு ஆளுக ஒதவிக்கு வர்றோம்னாக. “தொடாதீக”ன்னு நான் சொல்லிட்டேன். இடையில மாடு படுத்தபடியே புல்லு தின்னுக்கிட்டு இருக்கு. வெக்கமா இருந்துச்சு சார். மாடு மேல இம்புட்டுப் பாசம் வச்சவன் நானு. அது என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல.

சாயங்காலமே மேலத்தெருக் கூட்டம். எல்லாரும் கத்துறாக. அந்தப் புல்லைத் தின்ன மாட்டை ஊருக்குள்ள விடலாமா, பரிகாரம் என்ன, அதை வித்துரணுமான்னு. அப்பப் பூசாரி எந்திரிச்சு மெதுவா ஒண்ணு கேட்டாரு. “அது எத்தனை நாளா அங்க போயிட்டு இருக்கு?” ஒருத்தருக்கும் தெரியல. “ஒருவேளை அந்த ஆறு பிரதோசத்துக்கு முந்தியே போயிருந்தா?”

நாங்களே ஒவ்வொருத்தரா நெனைச்சுப் பாத்தோம். அந்தப் பாலு சாமி மேல விழுந்துச்சு. அங்க இருந்து தொட்டியில எறங்குச்சு. அதைத்தான் தீர்த்தம்னு ஊரு பூராக் கையேந்தி வாங்கிக் குடிச்சோம். முப்பத்தாறு வார்டும், கீழத்தெருவும், எங்க வயித்துல. ஒருத்தரு எந்திரிச்சு வெளிய போயித் துப்பிட்டு வந்தாரு. என்னத்தத் துப்புறது, மூணு மாசமாக் குடிச்சாச்சு.

அஞ்சு நிமிசத்துல தீர்மானம் போட்டுட்டாக. ஒண்ணு, தவசிலிங்கம் மாடு கீழத்தெருவுக்குப் போகவே இல்ல. ரெண்டு, கீழத்தெருவுல நிக்கிற மாடு தவசிலிங்கம் மாடு இல்ல. எல்லாருக்கும் நிம்மதியாயிருச்சு. நானும் கையெழுத்துப் போட்டேன். மொதக் கையெழுத்தே என்னுதுதான்.

வீட்டுக்கு வந்து தொழுவத்தப் பாத்தப்பத்தான் வெளங்குச்சு, மாடு இல்லைன்னு.

மறுநாள் எங்க தெருத் தலைவரு வீட்டுக்குப் போனேன். மாட்டைக் கூட்டியாரணும்னேன். “எந்த மாட்டை?”ன்னாரு. அங்க நிக்கிறதன்னேன். “அது ஒன் மாடு இல்லையேப்பா, கையெழுத்துப் போட்டிருக்கியே.” சரி, அப்ப எம் மாடு எங்கன்னேன். “அது போகவே இல்லையே, வீட்டுல பாரு”ங்குறாரு.

அதான் சார் மனு. மாடு எம்மாடுன்னு இருக்கணும். அது கீழத்தெருவுக்குப் போகலன்னும் இருக்கணும். அங்க இருந்து திரும்பி வரணும்னும் இருக்கணும். மூணும் ஒரே பக்கத்துல வரணும்.

ஏன் சார் வராது? படிச்சவுக நீங்க. அதுக்குத்தான ஒங்ககிட்ட வந்தேன்.

இருங்க, போன் அடிக்குது. வீட்லதான்.

என்னடி... கலெக்டர் ஆபீஸ்லதான் இருக்கேன்... நீ எங்க இருந்து பேசுற, சத்தமா இருக்கு?... அங்க என்னடி வேலை ஒனக்கு?... யாரு, பூசாரியா? பூசாரி பூங்கனி வீட்டுக்கே வந்துட்டாரா?... சொம்போடயா?... சரி... சரி... அவ கேட்டதுக்குத் தலைவரு என்ன சொன்னாரு?... எம் பேரு? எம் பேரச் சொல்லுவாகளா மாட்டாகளா?... அலோ... அலோ.

வச்சிட்டா.

கேட்டீங்களா சார் கூத்த? மொதப்பாலுக்கு ஊருல வேற பால் மாடே இல்லையாம். பூசாரி சொம்பத் தூக்கிக்கிட்டு அங்கயே போயிட்டாரு. பூங்கனி, பாலு தர்றேன், ஆனா நானே சன்னதிக்குக் கொண்டாந்து குடுப்பேன், பேரும் எம் பேருதான் சொல்லணும்னு சொல்லிருச்சாம். தலைவருகிட்டக் கேட்டா அவரு என்ன சொன்னாரு தெரியுமா? அங்க நம்ம மாடே இல்லைன்னு தீர்மானம் போட்டாச்சு, இல்லாத மாட்டுக்குப் பாலு ஏது, இல்லாத பால யாரு கொண்டாந்தா நமக்கு என்னன்னுட்டாராம். ரொம்பத் தெளிவான மனுசன். எங்க தெரு ஆளுக எல்லாம் வேற பக்கம் பாத்துக்கிட்டு நிக்கப் போறாகளாம். பூங்கனி சொம்போட கெளம்பிருச்சு. மாரிக்கனியும் கூட நடக்குறா, கொடை புடிச்சுக்கிட்டு.

எம் பேரு என்னாச்சுன்னு கேட்டேன் சார். “ஒங்க மாடுதான் போகவே இல்லையே”ங்குறா. சிரிக்கிறா. அவ சிரிச்சு நான் கேட்டு வருசம் ஆச்சு.

அந்தத் தாளக் குடுங்க. குடுங்க சார். கிழிக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க, புதுசா எழுதுங்க.

மாடு போச்சுன்னு எழுதுங்க. ஒரு நாள் இல்ல, மூணு மாசமாப் போச்சு. பூங்கனி காட்டுப் புல்லத்தான் தின்னுச்சு. முப்பத்தாறு வார்டுத் தண்ணியில வெளஞ்ச புல்லு. அந்தப் பாலத்தான் சாமிக்கு ஊத்தினோம். தீர்த்தத்த மேலத்தெரு பூராக் குடிச்சுச்சு. நானும் குடிச்சேன், கண்ணுல ஒத்திக்கிட்டுக் குடிச்சேன், இன்னும் கொஞ்சம்னு கேட்டு வாங்கிக் குடிச்சேன். ஒருத்தருக்கும் ஒரு தலைவலி கூட வரல. அதையும் எழுதுங்க. யாரும் என்னைய ஒதுக்கி வச்சா வச்சுட்டுப் போறாக. எல்லாத்தையும் எழுதிட்டு, அது எம் மாடுன்னு மட்டும் ஒரு வரி போட்டிருங்க சார். நெத்தியில சுட்டி இருக்கு, நான் வளத்த மாடு சார் அது.

மணி நாலாகப் போகுதா? சீக்கிரம் எழுதுங்க. அஞ்சு மணிக்கு அங்க பேரு சொல்லிருவாங்க.